சடைச்சிமலைக்கு உப்புச் சோறு

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்களிடம் மன்றாடுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் வருஷம், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் ஓட்டு வீட்டில் இது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. இருட்டும் சுடுகாடும் நாயின் ஊளையும் இதில் கிடையாது. அவை இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வீட்டில் மூன்று பேர். அம்மா மரியபுஷ்பம், மகள் இசபெல்லா, மகன் உபகாரசாமி. இசபெல்லாவுக்கு அப்போது முப்பது வயது. அஸ்தம்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. பேச்சு குறைவு. ஆனால் அவள் ஒன்றை நினைத்துவிட்டால் பங்குச் சாமியாரே வந்தாலும் மாற்ற முடியாது என்று தெருவில் சொல்வார்கள். தம்பி அவளுக்குப் பதினோரு வயது இளையவன். அப்பா இறந்த பிறகு அவனை ஒரு மளிகை மண்டியில் வேலைக்கு விட்டிருந்தார்கள். அவனுக்கு அந்த மூட்டை வாசனையே பிடிக்கவில்லை. அம்மாவோடு தினமும் சண்டை.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்கு வரச் சொல்லி அம்மா எழுப்பினாள். அவன் ஏற்கெனவே வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தான்.

“மயில்சாமியோட சடைச்சிமலைக்குப் போறேன். உச்சி வரைக்கும். பொழுது சாய வந்துடுவேன்.”

வரவில்லை.

மயில்சாமி, புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே காடு தோட்டம் உள்ள குடும்பத்துப் பையன். மண்டிக்கு நிலக்கடலை கொண்டுவந்து பழக்கம். அவன் சொன்னது இதுதான். மலைக்குப் போவதாகப் பேசியிருந்தது உண்மை. பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தான், உபகாரசாமி வரவில்லை. சலிப்போடு வீட்டுக்குத் திரும்பும்போது ஏரிக்கரையிலிருந்து மலையைப் பார்த்தான். பாதி மலைக்கு மேலே ஒரு வெள்ளைச் சட்டை தனியாக ஏறிக்கொண்டிருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டான். அது நின்றது. கையை ஆட்டியது. பிறகு மரங்களுக்குள் போய்விட்டது.

போலீஸ் தேடியது. ஊர் தேடியது. ஒரு துணிக்கிழிசல்கூடக் கிடைக்கவில்லை. அடிவாரத்து ஜனங்கள் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள். மலை வச்சுக்கிச்சு.

அன்றிலிருந்து மரியபுஷ்பம் அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, கன்னத்தில் வழிவதைத் துடைக்காமல் அழுதாள். சோறு இறங்கவில்லை. ஆள் பாதியாகிப் போனாள். ஆன்மாவுக்கு ஒரு பூசை வைத்துவிடலாம் என்று சாமியார் சொன்னபோது அவள் முடியாதென்று தலையை ஆட்டினாள்.

“உயிரோடயோ எலும்பாவோ எம்பிள்ளை இந்த வாசலுக்கு வரட்டும். அப்புறம் பூசை.”

இப்படியே போனால் அம்மாவும் போய்விடுவாள் என்று இசபெல்லாவுக்குத் தெரிந்தது. அழுகை ஓர் ஆளைத் தின்று முடிக்க எவ்வளவு நாள் ஆகும் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். பிறகு யோசிப்பதை நிறுத்தினாள். புரட்டாசியில் பள்ளிக்குப் பரீட்சை லீவு விட்டதும் புதுச்சத்திரத்துக்கு பஸ் ஏறினாள்.

மயில்சாமியின் அம்மா ராமாயி களத்தில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். இசபெல்லா வந்த காரியத்தைச் சொன்னதும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏஞ்சாமி, ஒத்தைப் பொம்பளை மலையேறப் போறியா?”

“மயில்சாமி கூட வரட்டும்.”

“அவனா? ஏரிக்கரையில நின்னு கொரல் குடுத்த வீரனாச்சே. வருவான், வருவான்.”

“அம்மா, சும்மா இரு” என்றான் மயில்சாமி. அவன் முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்குப் பின்னாலேயே ஓடிப் போயிருக்க வேண்டும் என்பது அவனுக்குள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. “நான் வாரேனுங்க்கா. வெடியால கோழி கூப்புட்டதும் பொறப்பட்டரோணும்.”

அவன் தரையில் குச்சியால் கோடு போட்டு வழியைச் சொன்னான். முதலில் ஊற்று. அங்கேதான் சுரைக்குடுவையில் தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மூங்கில் காடு. அப்புறம் வழுக்குப் பாறை, அதில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துத்தான் ஏற வேண்டும். அதற்கு மேலே உச்சி. செருப்பு ஆகாது. உச்சிப்பொழுது தாண்டி அங்கே நிற்கக் கூடாது. மலையின் நிழல் ஏரியைத் தொடுவதற்குள் கீழே வந்துவிட வேண்டும்.

“சோறு நான் ஆக்கிக் குடுக்கறேன்” என்றாள் ராமாயி. “சப்பைச் சோறு.”

“அப்படின்னா?”

“உப்பில்லாச் சோறு. உச்சிப் பாறையில வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம நிக்கோணும். மலை வச்சுக்கிட்ட சனம் இருக்குதல்ல, அவங்களுக்கு. வயிறும் நெறையோணும், நாக்கும் முழிச்சுக்கக் கூடாது. உப்புப் பட்டா நாக்குக்கு ஊட்டு நெனப்பு வந்துரும். எறங்கி வந்துருவாங்க.”

“இறங்கி வந்தா நல்லதுதானே?”

ராமாயியின் கை நின்றது. உரித்த கடலை முறத்தில் விழாமல் விரலிலேயே இருந்தது.

“வாரது ஆருன்னு உனக்குத் தெரியுமா சாமி?”

இசபெல்லாவுக்கு வேறொரு நாள் ஞாபகம் வந்தது. தம்பிக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாள். பதினோரு வயதுப் பெண்ணாக அவள்தான் அவனைக் கோயிலுக்குத் தூக்கிப் போனாள். சாமியார் மந்திரித்த உப்பை ஒரு சிட்டிகை எடுத்துக் குழந்தையின் நாக்கில் வைத்தார். அது முகத்தைச் சுளித்தது, பிறகு சப்புக்கொட்டியது. எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் நாக்கில் கடவுள் பேரால் வைத்த உப்பு அது. அதை மறக்கடிக்க இந்த மலைக்கு என்ன அதிகாரம்?

அவள் பையில் ஒரு கைக்குட்டை முடிச்சு இருந்தது. அதில் வீட்டுச் சாடியிலிருந்து எடுத்து வந்த கல்லுப்பு. காரணம் தெரியாமல் எடுத்து வரவில்லை. அடிவாரத்து வழக்கத்தைப் போலீஸ்காரர் ஒருவர் சிரிப்பாகச் சொல்லி அவள் முன்பே கேட்டிருந்தாள்; ராமாயியிடம் தெரியாததுபோலத்தான் கேட்டாள். கூடவே வறுத்த கருவாடும் இருந்தது. தம்பிக்குப் பிடிக்கும்.

மறுநாள் விடியலில் ஏறினார்கள்.

ஊற்று வரைக்கும் எல்லாம் சரியாகவே இருந்தது. மைனாக்கள் கத்தின. மயில்சாமி அரிவாளால் முள்ளை விலக்கிக்கொண்டு முன்னே போனான். மூங்கில் காட்டுக்குள் நுழைந்ததும் சில்வண்டுகளின் சத்தம் காதைத் துளைத்தது. பாதித் தூரம் போனதும் அது நின்றது. தேய்ந்து நிற்கவில்லை. கதவைச் சாத்தியதுபோல நின்றது.

மயில்சாமி அரிவாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். மௌனம் அவளுக்குப் பழகியதுதான். ஆனால் இது அவளுடைய மௌனம் இல்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிற மௌனம்.

வெயில் நேராகத் தலைக்கு வந்தபோது உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு தட்டைப் பாறை, துருப்பிடித்த வேல்கள் நாலைந்து, சுற்றிலும் காடு. கீழே நாமக்கல் ரோடு ஒரு நூல்போலக் கிடந்தது. அதில் லாரி ஒன்று எறும்பாக ஊர்ந்தது. அந்த லாரியைப் பார்த்ததும் அவளுக்குத் தைரியம் வந்தது. பொட்டலத்தைப் பிரித்தாள். சோறு இன்னும் இளஞ்சூடாக இருந்தது. முடிச்சை அவிழ்த்தாள். உப்பைக் கொட்டிப் பிசைந்தாள். கருவாட்டை மேலே வைத்தாள்.

“ஏனுங்க்கா! என்னங்க பண்றீங்க?”

“என் தம்பிக்குச் சோறு பிசையறேன்.”

“வேண்டாமுங்க்கா. இது வெளையாட்டில்லீங்க.”

“நானும் விளையாட வரல.”

எழுந்து நின்றாள். நாலு பக்கமும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்.

“உபகாரம்! அக்கா வந்திருக்கேன். உப்புப் போட்ட சோறு. வா, சாப்பிட்டு வீட்டுக்குப் போகலாம்.”

எதிரொலி வரவில்லை. அத்தனை பெரிய பள்ளத்தாக்கு. அந்தக் குரலை அப்படியே விழுங்கிக்கொண்டது.

வழக்கப்படி இருவரும் பாறைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். மயில்சாமி கண்ணை மூடிக்கொண்டான். அவள் மூடவில்லை.

ஒன்றும் இல்லை.

நெடுநேரம் ஒன்றும் இல்லை.

அப்புறம் அந்தச் சத்தம்... சர்ர்... சர்ர்... மாடு சுவரை நக்குகிற சத்தம். நிதானமாக... விட்டு விட்டு...

மயில்சாமி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். சத்தம் நின்றது. அவள் திரும்பினாள்.

யாரும் இல்லை.

இலையில் சோறு அப்படியே இருந்தது. பிசைந்த விரல் தடம்கூடக் கலையவில்லை. கருவாடு அப்படியே இருந்தது. அவள் மண்டியிட்டாள். ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டாள்.

உப்பில்லை.

கருவாட்டைப் பிட்டு வாயில் வைத்தாள். மரப்பட்டையை மென்றதுபோல இருந்தது. கையிலிருந்த கைக்குட்டையை நாக்கில் வைத்துப் பார்த்தாள். அதிலும் இல்லை. கைக்குட்டை அவள் கையை விட்டுப் போகவே இல்லை.

“போலாமுங்க்கா” என்றான் மயில்சாமி.

இறங்கும்போது மயில்சாமி முன்னால், அவள் பின்னால். அவளுக்கும் பின்னால் சருகு நொறுங்கியது. வெறுங்கால் சத்தம். இவர்கள் நின்றால் அதுவும் நின்றது. ஆனால் ஒரே ஓர் அடி தாமதமாக நின்றது.

“பார்த்து வா தம்பி. பாறை வழுக்கும்” என்றாள் அவள்.

“கூப்புடாதீங்க அக்கா... உங்க கால்ல வேணும்னாலும் உழுகறேன்.”

“என் தம்பியை நான் கூப்பிடறேன். உனக்கென்ன?”

மலை நிழல் ஏரியைத் தொடுவதற்குள் கீழே வந்துவிட்டார்கள். ராமாயி படலைத் திறக்க வந்தவள், இசபெல்லாவின் தோளுக்கு மேலே பார்த்தாள். கை படலிலேயே நின்றுவிட்டது. மகனை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டாள். இசபெல்லாவுக்குத் தண்ணீர்ச் சொம்பை வெளியே தரையில் வைத்தாள்.

“ஊட்டுக்குள்ள வராத சாமி. உப்புப் போட்டியா?”

“போட்டேன்.”

“மொகத்தைப் பாத்தியா?”

“பார்க்கணும்னு இல்ல. என் தம்பியை எனக்குத் தெரியும்.”

ராமாயி படலைக் கட்டினாள். கட்டிய கயிற்றின் மேல் இன்னொரு கயிற்றையும் கட்டினாள்.

செவ்வாய்ப்பேட்டையில் அம்மா கதவைத் திறந்தாள். இசபெல்லா உள்ளே போனாள். அம்மா உடனே சாத்தவில்லை. இன்னும் ஓர் ஆள் நுழைகிற நேரம் கதவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு சாத்தினாள்.

அவ்வளவுதான்.

அன்று முதல் மரியபுஷ்பம் அழவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள். தூங்கினாள். வாசற்படிக்கே போகவில்லை. “வந்துட்டான்டி” என்றாள் ஒருநாள், வெங்காயம் அரிந்துகொண்டே. இசபெல்லா யாரென்று கேட்கவில்லை. அவள் நினைத்தது நடந்துவிட்டது. உடம்பு வராவிட்டால் என்ன? வந்தது அவன்தானே?

ஆனால் குழம்பு சப்பென்று இருந்தது. அடுப்பிலிருந்து இறக்கும்போது சரியாக இருக்கும். தட்டுக்கு வரும்போது இருக்காது. அடுத்த வீட்டு வேளாங்கண்ணி ஒரு கிண்ணம் வாங்கிப் போய்விட்டு மறுநாள் வாசலிலேயே கேட்டாள்.

“ஏன் இசபெல், தவக்காலம் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு. உங்க வீட்ல மட்டும் இன்னும் முடியலையா?”

உப்புச் சாடி ஞாயிற்றுக்கிழமை நிரப்பினால் வாரம் பாதியில் காலி. எலி உப்புத் தின்னுமா? பின்சுவரில் வெகுநாளாக உப்புப் பூத்துப் பொரிந்திருந்த இடம் ஒரு காலையில் வழவழவென்று சுத்தமாக இருந்தது. ஓர் ஆள் குந்தி உட்கார்ந்தால் முகம் வருகிற உயரத்துக்கு. அதற்கு மேலே பொரிந்தது அப்படியே இருந்தது.

விஷயம் கேள்விப்பட்ட சாமியார், வீட்டை மந்திரிக்க வரட்டுமா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். கேட்ட குரலுக்குச் சமமான குரலில், கண்ணைத் தாழ்த்தாமல்.

“எங்க வீட்டுப் பிள்ளையை யாரும் விரட்ட வேண்டாம் சாமி.”

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால். நடுப்பகல். அம்மா உள்ளே சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது. இசபெல்லா திறந்தாள்.

காக்கி உடுப்பு. ஒட்ட வெட்டிய தலை. தோளில் தகரப் பெட்டி. கறுத்து, அகன்று, வளர்ந்து போயிருந்தான். சிரிப்பு மட்டும் மாறவில்லை.

“அக்கா” என்றான் உபகாரசாமி.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடிக்கறதுன்னா அடிச்சுடுக்கா. பட்டாளத்துல சேர்ந்துட்டேன். அம்மா மேல கோபம். நாலு பேர் பேர் சொல்ற மாதிரி ஆகற வரைக்கும் வர மாட்டேன்னு வைராக்கியம். இங்க இப்படி ஆகும்னு...”

“மலையிலேருந்து எப்படா இறங்கின?”

அவன் விழித்தான்.

“எந்த மலை?”

“சடைச்சிமலை. மாசி மாசம். வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஏறினியே. மயில்சாமி பார்த்தானே. கையை ஆட்டினியே.”

“நானா? அது உங்களுக்குச் சொன்ன பொய்க்கா. வீட்டை விட்டு நேரா ஜங்ஷன். பெங்களூருக்கு ரயிலேறிட்டேன். அந்த மலை அடிவாரத்தைக்கூட நான் மிதிச்சதில்ல.”

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

அப்படியென்றால்...

ஏரிக்கரையைப் பார்த்துக் கையை ஆட்டியது யார்?

அவள் சோறு பிசைந்து வைத்தது யாருக்கு?

உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. கொஞ்சுகிற குரல்.

“இரு சாமி. வாசல்ல யாருன்னு பார்த்துட்டு வரேன்.”

அம்மா வந்தாள். காக்கி உடுப்பைப் பார்த்தாள். பணிவாகக் கை குவித்தாள்.

“வாங்க தம்பி. எங்க உபகாரம் உள்ளதான் சாப்பிடறான். நீங்க யாரு, அவன் சிநேகிதமா?”

“அம்மா... நான்தாம்மா.”

அவன் அவள் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டான். அம்மாவின் விரல்கள் அவன் நெற்றியைத் தடவின. மூக்கைத் தடவின. தாடையைத் தடவின. மெல்ல மெல்ல அவள் முகம் கலைந்தது. வாய் கோணியது. அத்தனை மாதமாக வராத கண்ணீர் இரண்டு கண்ணிலும் திரண்டது.

கன்னத்தில் இறங்கியது.

பாதிக் கன்னம் வந்தது.

மறைந்தது.

சர்ர்... என்று மெல்லிய சத்தம்.

அடுத்த துளி. அதுவும் பாதியில்... மறைந்தது.

உபகாரசாமி பின்னுக்கு நகர்ந்தான். தகரப் பெட்டி தோளிலிருந்து சரிந்து தடாலென்று விழுந்தது. அம்மா திடுக்கிடவில்லை. கன்னத்தைச் சற்றே சாய்த்துக் கொடுத்தாள். அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“பாரு இசபெல். எப்பவும் இப்படித்தான். என்னை அழவே விட மாட்டேங்கறான்.”

இசபெல்லா அசையாமல் நின்றாள். இந்த மூன்று மாதத்தில் அம்மா அழாமல் இருந்ததாக அவள் நினைத்தாள். அம்மா ஒருநாள்கூட அழாமல் இருந்ததில்லை.

பயம் வந்தது. பயத்துக்குப் பின்னால் அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது.

முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அம்மாவின் அருகே போனாள்.

“தள்ளு” என்றாள், அங்கே இல்லாத ஒன்றைப் பார்த்து. “கூப்பிட்டவ நான். என்கிட்ட வா. எங்கம்மா கண்ணை இனிமே நான் துடைச்சுக்கறேன்.”

கையை நீட்டி அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள்.

அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது. ஈரமாக... சொரசொரப்பாக... குளிர்ந்து.

அது அவள் விரலுக்குத் திரும்பியது.

அவள் கையை எடுக்கவில்லை.